வந்த புதிதில் வயிறு படுத்தினால்: எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி?

புது நாட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கு வயிறு மக்கர் பண்ணத் தொடங்கிவிடும். பொருமல், வாயு, சாப்பிட்ட கையோடு கழிவறைக்கு ஓட்டம். தண்ணீர் மாறிவிட்டது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லி மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஓட்டினேன். தண்ணீரையும் குளிரையும் திட்டுவதற்கு முன்னால் தட்டைப் பாருங்கள். முன்பு எப்போதாவது கொஞ்சம் சாப்பிட்டதை இங்கே தினமும், அதுவும் பாக்கெட்டிலிருந்து, நிறையச் சாப்பிட ஆரம்பித்திருப்போம்.

முதலில் ஒரு சொல் சிக்கல். 'ஒத்துக்காது' என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்கிறோம், மருத்துவருக்கு அது இரண்டு வேறு விஷயங்கள். ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பு சக்தி காட்டும் கோபம். துளி பட்டாலே போதும், பெரும்பாலும் சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடிக்கும், உதடு வீங்கும். மூச்சுத் திணறினாலோ தொண்டை அடைத்தாலோ மயக்கம் வந்தாலோ யோசிக்காமல் அவசர எண்ணை அழையுங்கள் (வந்த முதல் வாரமே அந்த எண்ணை மனப்பாடம் செய்துவிடுங்கள்). சகிப்பின்மை வேறு. அது பெரும்பாலும் செரிமானக் கோளாறு, உயிருக்கு ஆபத்தில்லை, அளவைப் பொறுத்தது. அரை டம்ளரில் ஒன்றும் ஆகாது, இரண்டு டம்ளரில் ஆகும். அதனால் மருத்துவரிடம் 'ஒத்துக்காது' என்பதோடு நிறுத்தாமல் எதைச் சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

அடிக்கடி மாட்டுவது பால். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி, உலகின் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது, ஆகவே இது நமக்கு மட்டும் வந்த குறை இல்லை. அப்படிப்பட்டவர்களில் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது சுமார் ஒரு கோப்பைப் பால், தாங்குவார்கள். தயிரும் நாள்பட்ட கெட்டியான சீஸும் இன்னும் சுலபம். லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும். சர்க்கரை சேர்த்ததால் இல்லை, உள்ளே இருந்த லாக்டோஸை முன்கூட்டியே உடைத்துவிட்டதால். ஆனால் பால் ஒவ்வாமை உள்ளவர் அதைத் தொடக்கூடாது, பால் புரதம் அதில் அப்படியே இருக்கிறது.

கோதுமை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் தனி வியாதி. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் முடிவு 'இல்லை' என்று வரலாம். முதலில் பரிசோதனை, அப்புறம்தான் நிறுத்துவது. இன்னொன்று, கோதுமையை விட்டதும் வயிறு லேசானால் அது குளூட்டன்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். கோதுமையில் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் உண்டு, அதே ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. எடை காரணமில்லாமல் குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டு ஆராய்ச்சியே வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரம், வாயில் போட்டது எல்லாம், மாத்திரை உட்பட, நேரத்தோடு எழுதுங்கள். சந்தேகப்படும் ஒன்றை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். திரும்பச் சேர்ப்பதுதான் உண்மையான சோதனை, பலர் அதைச் செய்யாமலே ஆயுள் முழுக்கப் பயந்து ஒதுக்குகிறார்கள். ஒவ்வாமைச் சந்தேகம் இருந்தால் இதை வீட்டில் செய்யாதீர்கள், குழந்தைகளுக்கும் வேண்டாம். ஒரு சொட்டு ரத்தத்தில் நூறு உணவைச் சோதிப்பதாக விற்கும் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஓர் எதிர்ப்புப் பொருள்) சோதனைப் பெட்டிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்; அந்த எதிர்ப்புப் பொருள் சாப்பிட்டதைத்தான் காட்டும், சகிப்பின்மையை இல்லை.

நான் பாலைத்தான் சந்தேகித்தேன். நிறுத்தியும் பொருமல் போகவில்லை. நோட்டைப் புரட்டிய அறைத்தோழர் "இதெல்லாம் சரி, எப்பப் பாரு வாயில் என்னமோ மெல்றியே, அது எங்கே?" என்று கேட்டார். சர்க்கரை இல்லாத சூயிங்கம். வேலையில் தூக்கம் வராமலிருக்க நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மென்றுகொண்டிருந்தேன், அதை ஒரு சாப்பாடாகவே நினைக்கவில்லை. பாக்கெட்டைத் திருப்பி போன் வெளிச்சத்தில் பார்த்தால் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள், அதன் கீழே பொடி எழுத்தில் அளவுக்கு மீறினால் பேதியாகலாம் என்ற எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலில் தனித்துக் காட்ட வேண்டும், அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் சேர்த்து 9. ஆனால் சார்பிட்டாலோ வெங்காயமோ பூண்டோ இந்த இரண்டிலும் இல்லை. தடித்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்தால் தப்பிவிடும், முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

இப்போது நாளுக்கு இரண்டு மெல்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. ஐந்தாவதில் வயிறு கூப்பிடும்.