கப்பல் பயணத்தில் பிரிட்ஜ் கற்றுக்கொள்ள: முதல் வகுப்புக்கான செய்முறை விளக்கம்

சொகுசுக் கப்பல்களில் நடைபெறும் சீட்டாட்ட வகுப்புகளுள் பிரிட்ஜ் வகுப்புக்குத் தனி இடம் உண்டு. இன்று ஆடப்படும் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை அமெரிக்கச் செல்வந்தர் ஹரால்டு வாண்டர்பில்ட் 1925ஆம் ஆண்டில், பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஃபின்லாந்து என்ற கப்பலில் சக பயணிகளுடன் ஆடிப் பார்த்தே உருவாக்கினார்.

முதலில் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். வகுப்புகள் பெரும்பாலும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாட்களில்தான் நடக்கும். நேரமும் இடமும் அன்றன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கும். கைப்பேசி காட்டும் நேரம் கப்பல் நேரத்திலிருந்து மாறுபடக்கூடும் என்பதால், கப்பல் நேரத்தையே நம்புங்கள். தனியாக வந்திருந்தாலும் தயங்க வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பே சென்று பயிற்றுநரிடம் சொன்னால், ஜோடி சேர்த்துவிடுவார்.

ஒரு மேசைக்கு நால்வர். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 வீதம் பிரிக்கப்படும். கையில் விரித்துப் பிடிக்கும்போது, ஸ்பேடு, ஹார்ட், கிளாவர், டைமண்ட் எனக் கறுப்பும் சிவப்பும் மாறி மாறி வருமாறு அடுக்குங்கள். ஹார்ட்டையும் டைமண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை இறக்கிவிடும் குழப்பம் இதனால் பெருமளவு குறையும்.

அடுத்து, புள்ளிகளை எண்ண வேண்டும். முதல் வகுப்பில் வேறு எது மனத்தில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும் என்பது என் கருத்து. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1. கட்டு முழுவதிலும் சேர்த்து 40 புள்ளிகள். உங்கள் கையில் ஸ்பேடில் ஏஸ், ராணி, ஜாக், 7, 4. ஹார்ட்டில் ராஜா, 8, 3. டைமண்டில் ஏஸ், 5. கிளாவரில் 9, 6, 2 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பேடில் 7, ஹார்ட்டில் 3, டைமண்டில் 4 என மொத்தம் 14 புள்ளிகள். ஏலத்தை, அதாவது எத்தனை சுற்றுகளை வெல்வோம் என்று ஆட்டத்துக்கு முன் போட்டியிட்டுச் சொல்வதை, தொடங்கப் பொதுவாக 12 அல்லது 13 புள்ளிகள் போதும் என்பதாலும், ஸ்பேடில் ஐந்து சீட்டுகள் இருப்பதாலும், நீங்கள் “ஒரு ஸ்பேடு” என்று கேட்கலாம்.

நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கினால் அது ஒரு சுற்று, அதாவது ஒரு பிடி. ஆக மொத்தம் 13 பிடிகள். ஏலத்தில் சொல்லும் எண்ணுடன் ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், “ஒரு ஸ்பேடு” என்றால் ஸ்பேடைத் துருப்பாக (மற்ற மூன்று இனங்களையும் வெல்லும் இனமாக) வைத்து ஏழு பிடிகள் எடுப்போம் என்று பொருள். எதிரே இருப்பவரிடம் ஸ்பேடில் மூன்று சீட்டுகளும் 12 புள்ளிகளும் இருந்தால், இருவருக்கும் சேர்த்து 26 ஆகிறது. அப்போது “நான்கு ஸ்பேடு”, அதாவது பத்துப் பிடிகள் வரை துணிந்து போகலாம். இதற்கு மேல் உள்ள ஏலச் சங்கேதங்களை முதல் நாளிலேயே மனப்பாடம் செய்ய முயல்வது வீண் வேலை.

ஏலம் முடிந்ததும், வென்ற ஜோடியில் அந்தத் துருப்பை முதலில் சொன்னவர்தான் ஆட்டத்தை நடத்துவார். அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவர் முதல் சீட்டை இறக்கிய பிறகே, கூட்டாளி தம் சீட்டுகள் அனைத்தையும் மேசைமேல் திறந்து வைப்பார். அந்தக் கைக்கு டம்மி என்று பெயர். இறக்கப்பட்ட இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம், அல்லது வேண்டாத சீட்டைக் கழிக்கலாம். நடத்துபவர் எதையும் இறக்குவதற்கு முன், டம்மியையும் தம் கையையும் பார்த்து உறுதியான பிடிகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். பயிற்றுநர்கள் ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் இடமும் இதுதான். ஆகவே, சந்தேகங்களை அப்போதே கேட்டுவிடுங்கள்.

கூட்டாளிக்கு முகக்குறியாலோ பெருமூச்சாலோ எதையும் உணர்த்தக் கூடாது. தவறான சீட்டை அவர் இறக்கினாலும் அந்த ஆட்டம் முடிந்த பிறகே பேசுங்கள். வகுப்புக்குப் பின் பல கப்பல்களில் பயிற்சி ஆட்டமும் நடக்கும். அன்றைக்கே அதே கூட்டாளியுடன் அதில் உட்கார்ந்துவிடுவது நல்லது.