பாதி வசனத்தோடு போராடிய கதை

ராத்திரி 11 மணிக்கு மேல் போனில் பார்க்கக்கூடாததைப் பார்க்கும் பழக்கம். 3 வாரம் மல்லுக்கட்டினேன். உபவாசம் இருந்தேன், எரிச்சல்தான் கூடியது. சாத்தானைச் சத்தமாகக் கடிந்துகொண்டேன், போன் என்னவோ தலையணைக்கு அடியிலேயே கிடந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். வேதாகமத்தில் யாக்கோபு 4:7 பிசாசை எதிர்க்கச் சொல்வதற்கு முன்பே தேவனுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. நான் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன்! இச்சை விஷயத்திலோ, 2 தீமோத்தேயு 2:22-இல் பவுல் விலகி ஓடத்தான் சொல்கிறார். எஜமானின் மனைவி தப்பான உறவுக்குப் பிடித்து இழுத்தபோது யோசேப்பும் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். நான் நின்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

சரி என்று போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டேன். எழுப்புவதற்கு அலாரம் கடிகாரம். சபையில் மூத்த அண்ணன் ஒருவரிடம் உள்ளதைச் சொன்னேன். "தோன்றினால் உடனே கூப்பிடு தம்பி" என்றார். கூப்பிடக் கூடத்துக்கு நடப்பதற்குள்ளேயே பாதி வேகம் அடங்கிவிடுகிறது. ஒரு மாதமாக நிம்மதி.