வீட்டிலேயே செய்வோம் என்று இறங்குகிறவர்கள் செய்யக்கூடாதவை

"இனிமேல் கண்டதையும் வாங்குவதில்லை, முடிந்ததை வீட்டிலேயே செய்வோம்" என்று முடிவெடுக்கிற குடும்பம் முதலில் செய்வது என்ன தெரியுமா? ஷாப்பிங்தான். கண்ணாடி ஜாடி, மூங்கில் பிரஷ், துணிப்பை செட் என்று வரிசையாக ஆர்டர் போகும். பரணில் எவர்சில்வர் சம்படங்கள் சும்மா கிடக்கும். கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் இல்லாத வீடு உண்டா? முதல் மாதம் இருப்பதைத் தீர்த்தாலே போதும்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் வருஷத்துக்கு வாங்குவது. புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தால் வருஷம் தாங்கும். செக்கு எண்ணெய் அப்படியில்லை. மாதக்கணக்கில் டின்னில் கிடந்தால் காறல் வாடை அடிக்கும். அளவாகத்தான் வாங்க வேண்டும். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்றும் நம்பிவிடாதீர்கள். கிராமுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாம்பார் பொடியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மிளகாயைக் கிள்ளினால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் பாக்கி. மில்லுக்குப் போனால், நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அரைத்த பொடி கொதிக்கக் கொதிக்க வரும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்க்கும். அந்த ஈரம் பொடியில் இறங்கினால் கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியில் பரப்பி, சுத்தமாக ஆறவிட்டு எடுத்து வையுங்கள். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். பொடியை அள்ளுகிற ஸ்பூனில் சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது.

துப்புரவுக்கு வருவோம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைப் புளிக்கவைத்து என்சைம் என்கிற துப்புரவுத் திரவம் போடுகிறவர்கள் சொல்லும் கணக்கு வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, காத்திருப்பு மூன்று மாதம். இதைக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடக்கூடாது. வாயு சேர்ந்து வெடித்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து விட வேண்டும். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை நன்றாகப் பொங்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். இதிலாவது காசுதான் வீண். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது உயிருக்கே ஆபத்து.

எல்லாம் சரி, இத்தனையையும் யார் செய்வது? பெரும்பாலும் அம்மா. மற்றவர்கள் 'ஆஹா, வீட்டுப் பொடி!' என்று சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனால், இது எளிமையே இல்லை, சம்பளமில்லாத இரண்டாவது வேலை. மிளகாய் காயவைப்பதும் மில்லுக்குப் போவதும் ஆளுக்கொன்றாகப் பிரியட்டும். பிரிக்க முடியாததைக் கடையிலேயே வாங்குங்கள், குற்றமில்லை. பக்கத்துத் தெரு அக்கா அரைத்து விற்கிற இட்லி மாவும் வீட்டு மாவுதான். என்றைக்கு அரைத்தது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.