சமய வாத நூல்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் சமய வாதத்துக்கென்றே எழுந்த நூல்களும் நூற்பகுதிகளும் பல உள்ளன. மணிமேகலையின் 27, 29 ஆம் காதைகள், இன்று சில பாடல்களாக மட்டுமே எஞ்சியுள்ள குண்டலகேசி, அதற்கு மறுப்பாகச் சமணர் இயற்றிய நீலகேசி, 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், உமாபதி சிவாசாரியாரின் சங்கற்ப நிராகரணம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றை முழுமையாகப் படிப்போர் குறைவு. ஓரிரு அடிகளை எடுத்துத் தம் கருத்துக்குச் சான்றாக்குவோர் மிகுதி. அவ்வாறு எடுத்தாளும்போது நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. ஒரு கூற்றை யார், யாரை நோக்கி, எந்த அளவையை, அதாவது அறிவு பெறும் வழியை, ஏற்றுக்கொண்டு சொல்கிறார் என்று கேட்காமலேயே அதை மதிப்பிட்டுவிடுகிறோம்.

இவற்றுள் மிகப் பரவலானது, எதிர்த்தரப்பின் கூற்றை நூலாசிரியரின் கூற்றாகக் கொள்வது. சித்தியார், பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கம் என்றும் தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் என்றும் இரு பகுதிகளாக அமைந்தது. பரபக்கத்தில் காணும் உலகம் ஒன்றே உண்மை என்னும் உலகாயதன் தொடங்கி வைணவனாகிய பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு தரப்பினர் வருகின்றனர். பௌத்தர் மட்டுமே சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நால்வராகப் பிரித்து நிறுத்தப்படுகின்றனர். ஒவ்வொருவருடைய மதமும் முதலில் அவர் வாயாலேயே சொல்லப்பட்டு, அதன் பின்னரே மறுக்கப்படுகிறது. உலகாயதன் தன் கொள்கையைச் சொல்லும் பாடல்களைத் தனியே எடுத்துப் படிக்கும் ஒருவருக்கு, அவை ஒரு சைவ ஆசாரியரின் நூலில் உள்ளவை என்று தோன்றவே தோன்றாது. அத்துணை உறுதியோடு அந்தத் தரப்பு பேசுகிறது. இது அருணந்தியாரின் தனி வழக்கமும் அன்று. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் (நூலாசிரியர் கொள்ளும் நெறிகளுள்) உடன்படல், மறுத்தல் ஆகியவற்றை அடுத்து ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ என்ற ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டவர் போல எடுத்துரைத்துப் பின்னர் நீக்குவது, ஒரு நூல் கைக்கொள்ளத் தக்க நெறியாக இலக்கணத்திலேயே இடம் பெற்றிருக்கிறது. ஆகவே இத்தகைய நூலிலிருந்து ஒரு பாடலை மேற்கோள் காட்டும் முன், அது எந்தத் தரப்பின் கீழ் வருகிறது, கூற்றா மறுப்பா என்பதைத் தலைப்போடும் முன்பின் பாடல்களோடும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. எதிர்த்தரப்பின் கூற்று என்று அறிந்த பின், அதை அத்தரப்பினரே தந்த வாக்குமூலம் போல நம்பிவிடுவது. ஊழை முதன்மையாகக் கொண்ட ஆசீவகரும் உலகாயதரும் தமிழில் தம் கொள்கையைத் தாமே விளக்கிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆசீவகத்தைப் பற்றித் தமிழ் வழியாக நாம் அறிவதில் பெரும்பகுதி, பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையும் சமண நூலாகிய நீலகேசியும் சைவ சாத்திரமாகிய சித்தியாரும் சொன்னவை; மூன்றும் ஆசீவகத்துக்கு வெளியே நின்று பேசுபவை. எனினும் இதனால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தம்முள் பகைத்து நின்ற மூன்று சமயத்தாரும் ஒரே செய்தியைச் சொல்லும்போது, அணுக்களைப் பற்றிய ஆசீவகக் கொள்கையை இம்மூன்றும் குறிப்பிடுவது போல, அச்செய்திக்கு வலிமை கூடுகிறது. ஒரு நூலில் மட்டும் வந்து, மறுப்பதற்கு மிக எளிதாகவும் அமைந்திருக்கும் கொள்கையைத்தான் ஐயத்தோடு அணுக வேண்டும்.

அளவையைப் பொருட்படுத்தாமல் வாதத்தைப் படிப்பது அடுத்த தவறு. என் மதிப்பீட்டில் மிகுதியான இழப்பைத் தருவதும் இதுவே. மணிமேகலையின் 27 ஆம் காதையையும் 29 ஆம் காதையையும் கதை ஓட்டத்துக்குத் தடை என்று கருதித் தாண்டிச் செல்வோர் பலர். ஆனால் தமிழில் தருக்கம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதைக் காட்டும் அரிய பகுதிகள் இவையே. வஞ்சி நகரில் மணிமேகலை முதலில் அணுகும் அளவைவாதி, காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (அனுமானம்), உவமம், ஆகமம் (நூலுரை) எனத் தொடங்கிப் பத்து அளவைகளைச் சொல்கிறான். வேதவியாசர் பத்தும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறும் கொண்டனர் என்றும் வேறுபாட்டை எடுத்துரைக்கிறான். காஞ்சியில் அவளுடைய பௌத்த ஆசானாகிய அறவண அடிகளோ அளவை இரண்டே, காண்டலும் கருதலும் என்கிறார். எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதி காட்சி ஒன்றையே ஏற்கிறான். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த சித்தியார் அந்தப் பத்தையும் வரிசைப்படுத்தி, அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என முடிக்கிறது.

இந்த எண்ணிக்கைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு. ஒருவர் எத்தனை அளவைகளை ஏற்கிறார் என்பதே, அவரிடம் எதைச் சான்றாகக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை முடிவு செய்கிறது. உரையை, அதாவது ஆகமத்தை, அளவையாக ஏற்காத பௌத்தரிடம் வேத வாக்கியத்தைச் சான்றாகக் காட்டினால் வாதம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். காட்சியை மட்டுமே ஏற்பதாகச் சொல்லும் பூதவாதியை மணிமேகலை நகைத்து மடக்குவதும் இவ்வழியில்தான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்விதம் அறிவாய் என்று அவள் கேட்கிறாள். தான் மறுக்கும் அளவையைத் தானே நாள்தோறும் கையாள்கிறான் என்பதை ஒரே கேள்வியில் அவன் முன் வைத்துவிடுகிறாள். இதை வெறும் சாமர்த்தியமான விடையாகப் படித்தால் அதன் வலிமை பாதியாகிவிடும்.

29 ஆம் காதை இன்னும் நுட்பமானது. இந்த மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடைமையால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இம்மூன்றில் எது பழுதுபட்டாலும் அது போலியாகும். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்று அக்காதை வகுக்கிறது. வடமொழிப் பௌத்தத் தருக்க நூலான நியாயப் பிரவேசத்தின் பகுப்பும் இதுவே. ‘என் தாய் மலடி’ என்பது தன் சொல்லே தன்னை மறுக்கும் பக்கப்போலிக்கு எடுத்துக்காட்டு. இது எவருக்கும் எளிதில் விளங்கும். ஆனால் அதே பட்டியலில், பௌத்தன் சாங்கியனை நோக்கிச் சத்தம் அழியக்கூடியது என்று சொல்வதும் ஒரு போலியாக வருகிறது. பௌத்தனைப் பொறுத்தவரை அக்கூற்று உண்மையே. எனினும் எப்பொருளும் அடியோடு அழிவதில்லை என்று கொள்ளும் சாங்கியனுக்கு, அழிவு என்னும் அந்த அடைமொழி ஏற்புடையதன்று. அதை முதலில் நிறுவாமல் மேலே செல்வது வாதக் குற்றம். அவ்வாறே, ஆன்மாவை ஏற்காத பௌத்தனிடம் ஆன்மா அறிவுடையது என்று சாங்கியன் வாதிட்டால் அதுவும் போலியே. ஆகவே ஒரு கூற்று உண்மையா என்பதோடு, இந்த எதிராளியிடம் இதைச் சொல்ல இடமுண்டா என்பதையும் அக்காலத்தார் தனியே கேட்டனர். இந்த இரண்டாவது கேள்வியை மறந்துவிட்டு, பழைய வாதங்களை இன்றைய நம் நம்பிக்கைகளோடு ஒப்பிட்டுச் சரி, தவறு என்று தீர்ப்பளிப்பது பொருந்தாது.

மணிமேகலை சமயவாதிகள் அனைவரையும் வாதில் வென்றாள் என்று எழுதுவதும் அடிக்கடி காணப்படும் பிழை. 27 ஆம் காதையின் பெயரே ‘சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதை’. மாதவன் (ஆண் துறவி) வடிவம் கொண்டு சென்ற அவள் சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி ஆகியோரிடம் பெரும்பாலும் கேட்டு அறிந்துகொள்கிறாள். பூதவாதியிடம் மட்டுமே எதிர்வாதம் எழுகிறது. அடுத்தடுத்து வாதம் புரிந்து வெல்பவள், பேயாக இருந்து சமணத்தைத் தழுவிய நீலகேசி. இரு நூல்களையும் ஒரே வகையாகக் கொண்டால், கேட்டுத் தெளிதல், வென்று நிறுவுதல் என்ற இரு வேறு நோக்கங்கள் கலந்துவிடும்.

வாதத்தின் முடிவை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்வதையும் தவிர்க்க வேண்டும். பாலி மரபில் குண்டலகேசி ஊர் ஊராகச் சென்று, மணற்குவியலில் நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைத்தவள். புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியானவள். சமணர் எழுதிய நீலகேசியில் அதே குண்டலகேசி நீலகேசியிடம் தோற்கிறாள். அத்துடன் நில்லாமல் நீலகேசி புத்தரின் மற்றொரு சீடரான மொக்கலரோடும் புத்தரோடும் வாதிட்டு வெல்கிறாள். இது எந்த அரசவையிலும் நிகழ்ந்ததன் பதிவாக இருக்க முடியாது என்பது வெளிப்படை. ஆனால் அங்குள்ள வாதங்கள் கற்பனையல்ல. எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்னும் பௌத்தத்தின் கணபங்கக் கொள்கை, ஊன் உண்ணுதல் ஆகியவற்றின் மீது சமணர் உண்மையாகவே வைத்த எதிர்ப்புகள் அவை. கதை மாந்தரும் களமும் புனைவு, வாதம் மெய் என்று பிரித்துப் படிக்கப் பழக வேண்டும்.

இதே பிரிப்பு அற்புதங்கள் வரும் இடங்களிலும் தேவை. நீலகேசியின் பூதவாதச் சருக்கத்தில், கண்ணுக்குப் புலனாகாதவை இல்லை என்று வாதிடும் பூதவாதி பிசாசகன் முன் அவள் தன் பேய் வடிவத்தைக் காட்டி அஞ்ச வைக்கிறாள். பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தரின் போதிமங்கை நிகழ்ச்சி இரு படிகளாக அமைந்துள்ளது: பௌத்தனாகிய புத்தநந்தியின் தலையில் இடி விழுந்தபின், சொல்லால் வாதிட வாருங்கள் என்று பௌத்தர் கேட்க, சாரிபுத்தன் என்னும் பெயருடைய வேறொரு பௌத்தனோடு முறையான வாதம் நடக்கிறது. மதுரையில் சம்பந்தரும் சமணரும் ஏடுகளைத் தீயிலும் நீரிலும் இட்ட அனல்வாதமும் புனல்வாதமும் தருக்கத்தின் வழி நடந்தவையல்ல. அவை தெய்வச் சான்று வேண்டும் சோதனைகள். இவை அனைத்துக்கும் வாதம் என்ற ஒரே பெயரை இட்டு ஒன்றாக எண்ணினால், தமிழர் வாதமுறை அற்புதத்தையே நம்பியிருந்தது என்ற தவறான முடிவுக்கு வர நேரும். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சொல்லப்படும் செய்தியிலும் நிதானம் வேண்டும். சம்பந்தர் 7 ஆம் நூற்றாண்டினர். அதை விரித்துரைக்கும் சேக்கிழார் 12 ஆம் நூற்றாண்டினர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக் கல்வெட்டுச் சான்று இல்லை. அறிஞரிடையே ஒருமித்த கருத்தும் இல்லை. ஐயமின்றி நடந்தது என்று எழுதுவதும், சைவ மரபு அதைப் போற்றிப் பாடியதே இல்லை என்பதுபோல எழுதுவதும் ஒரே அளவில் தவறானவை.

இன்றைய பட்டிமன்றத்தை மனத்தில் கொண்டு பழைய பட்டிமண்டபத்தைக் கற்பனை செய்வதும் பொருந்தாது. இன்று ஒதுக்கப்பட்ட அணியில் நின்று பேசுபவர் மறுநாள் எதிரணியிலும் பேசலாம். மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன் அழைப்பது, ஒரு சமயத்தில் உறுதியாக நின்று அதன் பொருளை உரைக்க வல்ல வாதிகளை. பகைவரோடு ஆயினும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்றும் அவன் அறிவிக்கிறான். வாதம் வன்முறையாக மாறும் அச்சம் அன்றும் இருந்தது என்பதை இந்த அறிவிப்பிலிருந்து உய்த்துணரலாம்.

கடுமையாக மறுக்கப்படும் தரப்பு மிகத் தொலைவில் இருக்கும் தரப்பு என்று எண்ணுவதும் சரியன்று. 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சங்கற்ப நிராகரணம், பௌத்தரையும் சமணரையும் விட்டுவிட்டு, மாயாவாதியோடு ஐக்கியவாதி, பாடாணவாதி, பேதவாதி, சிவசமவாதி போன்ற சைவத்துக்கு மிக நெருங்கிய தரப்புகளோடு வாதிடுகிறது. சைவவாதி என்ற பெயருடைய தரப்பே அதில் மறுக்கப்படுகிறது. பெயரை மட்டும் பார்த்து யார் யாருக்கு எதிரி என்று முடிவு செய்பவர் இந்நூலில் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்.

கடைசியாக, இந்நூல்களை உரையின்றிப் படிக்க முயல வேண்டாம். நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரை, மறுக்கப்படும் குண்டலகேசிப் பாடல்களைப் பல இடங்களில் சுட்டிச் செல்கிறது. மறைந்துபோன அக்காப்பியத்தைப் பற்றி நாம் அறிவதில் கணிசமான பகுதி அதை மறுத்த நூலின் உரை வழியே வந்தது. புதிதாகத் தொடங்குவோர் அறவண அடிகள் கூறும் தருக்கப் பகுதியை முதலில் படித்துவிட்டு, நீலகேசியின் குண்டலகேசி வாதச் சருக்கத்தை அவ்வுரையோடு எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மறுப்பும் பக்கத்தைத் தாக்குகிறதா, ஏதுவையா, திட்டாந்தத்தையா என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே செல்வது நல்லது.