பழைய கார், மறைக்கப்பட்ட சேதம்: வாங்கியவர் தம் உரிமையைத் தாமே இழக்கும் இடங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கார்கள் நீரில் மூழ்கிக் கிடந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மூழ்கிய கார்கள் எல்லாம் உடைப்புக் கடைக்குப் போய்விடவில்லை. பழுதுநீக்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதி, உரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்தில் விடும். அங்கிருந்து டிங்கரிங்கும் பெயின்டிங்கும் முடிந்து மீண்டும் சந்தைக்கு வரும் வண்டிகளும் உண்டு. விபத்தில் முன்பக்கம் நொறுங்கி நிமிர்த்தப்பட்டவற்றின் கதையும் இதுவே. இவ்வாறு ஏமாந்தவருக்குச் சட்டம் கைகொடுக்கிறது. ஆனால் வாங்கியவர் போடும் கையெழுத்தும், சேதம் தெரிந்த பிறகு அவர் அவசரத்தில் செய்யும் காரியங்களும்தான் பல வேளைகளில் அந்த உரிமையைக் கரைத்துவிடுகின்றன.

முதல் தவறு வாய்ப்பேச்சை நம்புவது. “ஒரே ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரு இடி கூடக் கிடையாது சார்” என்ற வாக்கியத்தைச் சென்னையில் பழைய கார் தேடிய எவரும் கேட்டிருப்பார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில், பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே வாய் திறவாமல் இருப்பது மோசடி ஆகாது என்கிறது. தெரிந்தே மறைப்பதும் தெரிந்தே பொய் சொல்வதும் மோசடி. ஆகவே விற்பவர் மௌனமாக இருக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது. வண்டி விபத்தில் சிக்கியதா, நீரில் நின்றதா, காப்பீட்டில் இழப்பீடு பெறப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, பதிலையும் எழுத்தாகப் பெற வேண்டும். பதில் பொய்யாக இருந்தால், மௌனம் என்று அவர் பின்னர் தப்பிக்க முடியாது. அந்த உரையாடல் உள்ள கைப்பேசியை மாற்றாமலும் செய்திகளை அழிக்காமலும் வைத்திருப்பது அவசியம். மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்ய, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது டெலிவரி நோட். “வண்டியை உள்ளது உள்ளபடியே பார்த்துத் திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன்” என்று முன்கூட்டியே அச்சிட்ட வரிக்குக் கீழே, சாவி கைக்கு வரும் மகிழ்ச்சியில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரி தெரிந்தே மறைத்த குற்றத்திலிருந்து விற்றவரைக் காப்பாற்றாது. ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடிய குறையைப் பற்றி நீங்கள் பேசுவதை அது அடைத்துவிடும். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும், வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவரைப் பொறுப்பாக்குவதில்லை. இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் சோதிக்காமலே வாங்குவது பாதுகாப்பு என்று ஒரு நண்பர் வாதிட்டார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான், ஆனால் தவறு. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவில், சாதாரணக் கவனத்தோடு உண்மையைக் கண்டறியும் வழி இருந்தவர், தவறான தகவலையோ மோசடியான மௌனத்தையோ காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்ற விதிவிலக்கு இருக்கிறது. எனவே நம்பகமான மெக்கானிக்கை அழைத்துச் சென்று, அவர் பார்த்ததைத் தேதியோடு எழுதி வாங்குவதே சரி. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கறை தெரியும். பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு, கதவு ஓரத்தில் பட்டி பூசிய தடிப்பு ஆகியவற்றைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய பாலிசியையும் கேளுங்கள்: இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காடும் ஐந்து ஆண்டுகளுக்கு 50 விழுக்காடும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி கிடைக்கும் என்பதால், ஐந்து ஆண்டுகளாக ஒரு கீறலும் இல்லை என்று சொல்லப்படும் வண்டியின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால் ஏன் என்று கேட்டாக வேண்டும்.

யாரிடம் வாங்கினோம் என்பதைக் கவனிக்காமல் இருப்பது மூன்றாவது. தம் சொந்தக் காரை விற்கும் தனிநபர் வணிகர் அல்லர் என்பதால், அவர்மீதான வழக்கு பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். வணிகமாக விற்பவர்மீது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். “நான் வெறும் புரோக்கர், ஓனரைக் கேளுங்கள்” என்று கைவிரிப்பவருக்கு ஒரு பதில் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். உரிமையாளர் 29சி படிவத்தின் வழியே வண்டியை ஒப்படைத்ததைத் தெரிவித்தபின் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்யும் தவறு, சேதம் தெரிந்ததும் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுச் சரிசெய்துவிடுவது. எனக்குத் தெரிந்த ஒருவர், சேசிஸ் வெல்டிங் செய்யப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்த வாரமே அதை மாற்றிவிட்டு, கையில் பில்லோடு மட்டும் வழக்கறிஞரிடம் போனார். பில் செலவைக் காட்டியதே தவிர, வண்டி வாங்கிய நாளில் அது எப்படி இருந்தது என்பதைக் காட்டவில்லை. குறையை உறுதிசெய்ய வண்டியை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் சரிசெய்துவிட்ட வண்டியில் ஆய்வு செய்ய என்ன இருக்கும்? முதலில் தேதி தெரியும்படி படங்கள், பிறகு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் எழுத்துபூர்வ அறிக்கை, அதன் பிறகு விற்றவருக்கு அறிவிப்பு என்ற வரிசை மாறக் கூடாது. தவிர்க்க முடியாமல் மாற்றினால் பழைய பாகத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அறிவிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வண்டியை ஓட்டுவதும் இதே வகைதான். நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே பொருள் விற்பனைச் சட்டம் கருதும். அதன்பின் வண்டியைத் திருப்பித் தரும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். தொலைபேசியில் சண்டை போட்டதற்குச் சாட்சி இருக்காது. ஒப்புகையுடன் விரைவு அஞ்சல் அனுப்புங்கள்.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், அங்கே சமரசம் பேசியே மாதங்களைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். மோசடிப் புகார் கொடுப்பது தவறில்லை, ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்கான இரண்டு ஆண்டுக் காலக்கெடு அதற்காக நிற்காது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பதால், வண்டி எங்கே வாங்கப்பட்டிருந்தாலும் தாம்பரத்தில் இருப்பவர் செங்கல்பட்டு ஆணையத்தை நாடலாம். தொடக்கத்தில் ஆலோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக, வெற்றி பெற்ற பிறகும் நடக்கும் ஒரு தவறு. பணம் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி. தம் பெயரிலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. 29, 30 படிவங்களில் உரிய கையெழுத்துகள் இடப்பட்டு, பெயர் மாற்ற விண்ணப்பம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவான ரசீது கைக்கு வரும்வரை வண்டி உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்.