வீடு கடலூர், வேலை புதுச்சேரி: முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்களுக்கு

கடலூரில் பஸ் ஏறி முள்ளோடை தாண்டினால் மாநிலமே மாறிவிடும். பிறந்த வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம், கட்டிக்கொடுத்த ஊர் பாகூர் என்று இருப்பவர்கள் நம் பகுதியில் ஏராளம். தேர்தல் அன்று இவர்களில் சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவது அக்கறை இல்லாததால் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்பதே தெரியாது. ஓட்டுப் போடுவது கடமை என்று மேடையில் பேசுகிறவர்கள், அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய இந்த வேலையைச் சொல்வதில்லை.

படி 1: பட்டியலில் பெயரைத் தேடுங்கள்

வாக்காளர் அட்டை பர்ஸில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையைக் காட்டி ஓட்டுப் போட முடியாது. 2024-இல் போட்டவர்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வீடு மாறியவர்கள், இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று பெயர்களை நீக்கினார்கள்.

தேர்தல் ஆணையத்தின் ‘வோட்டர்ஸ் சர்வீஸ் போர்ட்டல்’ தளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடலாம். அங்கே மாநிலம் கேட்கும். தமிழ்நாட்டில் காணவில்லை என்றால் புதுச்சேரியைப் போட்டும் பாருங்கள். பெயர் கிடைத்ததும் பாகம் எண், வரிசை எண், ஓட்டுச்சாவடி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இணையம் ஒத்துவராதவர்கள் 1950-க்கு போன் செய்யலாம், அல்லது தெருவுக்குப் பொறுப்பான வாக்குச்சாவடி நிலை அலுவலரை (பிஎல்ஓ) கேட்கலாம்.

படி 2: இல்லையென்றால் சேருங்கள், மாறியிருந்தால் மாற்றுங்கள்

புதிதாகச் சேர படிவம் 6. ஜனவரி 1-ஐ மட்டும் கணக்கு வைத்த காலம் போய்விட்டது. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் 18 நிரம்புகிறவர்களும் சேரலாம்.

கல்யாணமாகியோ வேலைக்காகவோ குடி மாறியவர்களுக்கு படிவம் 8. ‘அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும்’ என்ற ஆசை வேண்டாம். ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம்; படிவத்தில் பொய்யாக உறுதி கொடுத்தால் ஓராண்டுவரை சிறை உண்டு. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலை மூடிவிடுவார்கள். தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது.

படி 3: லீவு கேளுங்கள்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135-பி (135B). ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு அன்றைக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்காரருக்கும்தான். முதலாளி முகம் சுளித்தால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

படி 4: பூத்துக்குள்

செல்போன் உள்ளே கூடாது. பிஎல்ஓ கொடுக்கும் பூத் ஸ்லிப் மட்டும் அடையாளத்துக்குச் செல்லாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய பாஸ்புக் போன்ற ஒன்று வேண்டும்.

முதல் அலுவலர் உங்கள் பெயரை உரக்கப் படிப்பார். வேட்பாளர்களின் ஏஜென்டுகள் சரிபார்க்கத்தான் அந்தச் சத்தம், பதற வேண்டாம். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுத் தருவார். மூன்றாமவர் அதை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார்.

மறைப்புக்குள் போய், வேண்டிய சின்னத்துக்கு நேரான நீல பட்டனை அழுத்துங்கள். யாரும் பிடிக்கவில்லை என்றால் பட்டியலின் கடைசியில் நோட்டா இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவசரக்காரர்கள் திரும்பி நடந்துவிடுவார்கள். நில்லுங்கள்! பக்கத்தில், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் இயந்திரம் இருக்கும்; அதன் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரியும். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அதில் இருக்கும். 7 நொடிதான், அப்புறம் அறுந்து உள்ளே விழுந்துவிடும். நீங்கள் அழுத்தியதும் அதில் வந்ததும் ஒன்றுதானா என்று பார்த்து, நீளமான பீப் சத்தமும் கேட்ட பிறகு வெளியே வாருங்கள்.

நடுவில் சிக்கல் வந்தால்

‘உங்கள் ஓட்டை ஏற்கெனவே போட்டாச்சே’ என்று சொன்னால் சண்டை போடாதீர்கள், வீட்டுக்கும் போகாதீர்கள். தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று உறுதியானால், தேர்தல் நடத்தை விதிகளின் விதி 49-பி (49P)-யின்படி காகித வாக்குச்சீட்டு தர வேண்டும். நேரம் முடிவதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்து, எவ்வளவு நேரமானாலும் போட விடுவார்கள்.

வீட்டில் 85 வயது தாண்டிய ஆயா இருந்தால் அவருக்கு வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வழி உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அப்படியே. அதற்கு படிவம் 12-டி. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். படிவத்தோடு பிஎல்ஓ வீடு தேடி வரும்போது, ஆயா மதியத் தூக்கத்தில் இருந்தாலும் எழுப்பிவிடுங்கள்.