எம்.ஜி.பி.யைக் கொடுத்துவிட்டு போர்ஷே வாங்கலாமா? நான் முடிவெடுத்த விதம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்த ஆசை வந்துவிடும். இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினால் என்ன? எனக்குப் போன வருடம் வந்தது. என்னிடம் இருப்பது 1972 எம்.ஜி.பி. ஜி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கண்ணில் பட்டது 1987 போர்ஷே 944. நான் இருப்பது லண்டனில், ஹாரோவில். அந்த நாலைந்து மாதத்தில் என்னென்ன செய்து பார்த்தேனோ அதையே இங்கே எழுதுகிறேன். கார்கள் வேறாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

முதல் வேலை, ஒரு சின்ன நோட்டு வாங்கிக் காருக்குள் வையுங்கள். ஒரு மாதம், ஓட்டி முடித்து நிறுத்திய ஒவ்வொரு முறையும், எஞ்சின் சூடு ஆறுவதற்குள் எது உறுத்தியதோ அதை ஒரே வரியில் எழுதுங்கள். வீட்டுக்குள் போய்க் காபி குடித்துவிட்டு எழுதினால் பாதி மறந்துவிடும். என் நோட்டில் 11 வரி சேர்ந்தது. ஆறு வரி மோட்டார்வேயில் எஞ்சின் இரைச்சல். இரண்டு வரி, மழையில் கார் நெளிகிறது. ஒரு வரி, முன்கண்ணாடி ஓரத்தில் ஒழுகல். கடைசி இரண்டு, வளைவில் குழி வந்தால் பின்பக்கம் துள்ளுகிறது.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பழுது' அல்லது 'சுபாவம்' என்று குறியுங்கள். பழுதைச் சரி செய்யலாம். சுபாவம் அந்தக் காரோடு பிறந்தது. எம்.ஜி.பி.க்குப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டி ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். அது துள்ளத்தான் செய்யும். சுபாவம் பிடிக்கவில்லை என்றால் விற்பது நியாயம். பழுதுக்காக விற்றால் அந்தப் பணம் வீண்.

என் ஆறு வரி இரைச்சலைச் சுபாவம் என்றுதான் முதலில் குறித்திருந்தேன். வழக்கமாக என் காரைப் பார்க்கும் மெக்கானிக் நோட்டைப் படித்துவிட்டு, "ஓவர்டிரைவ் வேலை செய்கிறதா?" என்று கேட்டார். ஓவர்டிரைவ் என்பது அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர். நான் வாங்கிய நாளிலிருந்தே அது வேலை செய்ததில்லை, இல்லாமலே பழகிவிட்டேன். காரைத் தூக்கிக் கியர்பாக்ஸ் மேலே போகும் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். சுண்டுவிரல் நுனி அளவு ஒரு இணைப்பு. ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே பித்தளை பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் வைத்து மாட்டினார். அன்று மாலை நாலாவது கியரில் 70 மைல் வேகத்தில் சுவிட்சைத் தட்டினேன். 3,900 ஆர்.பி.எம். காட்டிக்கொண்டிருந்த முள் மெல்ல 3,200-க்கு இறங்கியது. பக்கத்து சீட்டில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிந்தது. ஒரே இணைப்பு, ஆறு வரியும் போயிற்று.

மழையில் நெளிந்ததற்குக் காரணம் டயர். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 2311, அதாவது 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயவே இல்லை, ரப்பர் மட்டும் கட்டையாகிவிட்டது. டயரை மாற்றியதும் நெளிவு போயிற்று. பழைய காரின் குணத்தைப் பற்றி எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் டயரைப் பாருங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

இதையெல்லாம் ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன்? சந்தைக்கு வரும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி நிறுத்தியிருப்பார்கள். அதை, சகதியோடு கொட்டிலில் நிற்கும் நம் மாட்டோடு ஒப்பிட்டால் எது ஜெயிக்கும்? நம்முடையதையும் கழுவி நிறுத்திவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, அந்தப் புதுக் காரைப் போய் ஓட்டுவது. உங்கள் காரிலேயே போங்கள். ஒன்றிலிருந்து இறங்கி உடனே மற்றதில் ஏறினால்தான் வித்தியாசம் உடம்பில் தெரியும். நான் வரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சின் உண்மையைச் சொல்லும். பத்து நிமிடச் சுற்று போதாது, ஒரு மணி நேரமாவது கேளுங்கள். 944 எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால் என்பதால் எடை இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். வளைவுக்குள் அது திரும்பிய அமைதி இன்னும் கையில் இருக்கிறது.

பிடித்துப்போன பிறகுதான் அந்தக் காரின் ரசீது ஃபைலைத் திறக்க வேண்டும். 944-இல் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அதனால் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது வேண்டும், வாய் வார்த்தை போதாது. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி கடிக்கும். துத்தநாகம் பூசிய பாடி என்று நம்பிவிடாதீர்கள், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருப்பிடிக்கும். எம்.ஜி.பி.யிலும் உயிர் சில்லில்தான். ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் உள்ளே அரித்துவிட்டது.

பணக் கணக்கில் வாங்கும் விலை மட்டும் போதாது, வைத்திருக்கும் செலவையும் போடுங்கள். என் எம்.ஜி.பி. 40 வருடம் தாண்டி, வரலாற்று வாகனமாகப் பதிவாகியிருக்கிறது. சாலை வரி இல்லை, அதிகப் புகை விடும் கார்களுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் அந்தக் கட்டணம் ஹாரோ உட்பட லண்டன் முழுவதற்கும் வந்துவிட்டது. 1987 கார் 40 வருடத்தைத் தாண்டும்வரை, வெளியே எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. வருடத்துக்கு 60 நாள் எடுத்தால் 750 பவுண்டு. இன்சூரன்ஸை, காரின் மதிப்பு இவ்வளவு என்று கம்பெனி முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்கே எடுங்கள். இங்கே தனிப்பட்ட காரை லாபத்தில் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது, அது ஒரு நிம்மதி.

கராஜையும் அளந்துவிடுங்கள். 1930-களில் கட்டிய வீடு எங்களுடையது, கராஜ் உள்ளகலம் 2.2 மீட்டர்தான். எம்.ஜி.பி. அகலம் சுமார் 1.52 மீட்டர், 944 சுமார் 1.74. சாக்பீஸால் 944-இன் கட்டத்தைத் தரையில் வரைந்து, உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினாலும், அந்த நீளக் கதவைத் திறந்து இறங்க 40 சென்டிமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். அப்போது வாசலில் வந்து நின்ற என் மனைவி, "அது வந்தா எங்க போவீங்க?" என்று கேட்டாள். சில்டர்ன் குன்றுகள், ஞாயிறு காலை, அதே ரோடு. அங்கே போக என்னிடம் இப்போது சத்தமில்லாத, மழையில் நெளியாத கார் ஒன்று இருந்தது. விற்கவில்லை. ஒதுக்கிவைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி ஒழுகலைச் சரி செய்தேன்.

எல்லோரும் இப்படித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றில்லை. நண்பர் ஒருவர் டிரையம்ப் டி.ஆர்.6 என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். முழங்கால் அறுவைக்குப் பிறகு கனமான கிளட்சை மிதிக்க முடியவில்லை. அது சுபாவம், மாறாது. விற்றார், நல்ல முடிவு.

நீங்களும் விற்பது என்று முடிவெடுத்தால், விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். நீங்கள் போட்ட செலவு முழுக்கத் திரும்பி வராது. துருவையும் கீறலையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். அப்புறம், ரசீது ஃபைலோடு அந்த நோட்டையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். எந்த இணைப்பு பச்சை பூக்கும் என்று அவருக்கும் தெரியட்டும்.